பதினொரு பெயர்கள் கொண்ட ஓர் அணி: விஸ்மா–லீஸ் எ பைக் மிதிவண்டி அணியின் வரலாறும் விளம்பரதாரர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை அண்மைக் காலத்தில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு மஞ்சளும் கறுப்பும் கலந்த உடையணிந்த நெதர்லாந்து அணி நன்கு அறிமுகமானது. ஆனால் அந்த அணியின் பழைய முடிவுகளைத் தேடினால் ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு பெயர் வந்து நிற்கும். அந்தக் குழப்பத்தைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

இந்த அணி எப்போது, எப்படித் தோன்றியது?

1984ஆம் ஆண்டுப் பருவத்தில் ‘குவான்டம்’ என்ற பெயரில் தோன்றியது. அதன் தோற்றத்துக்குக் காரணம் ஒரு பிரிவு. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் நெதர்லாந்தின் மிக வலிமையான அணியாக இருந்தது, பிரித்தானிய மிதிவண்டித் தயாரிப்பாளரான ராலேயின் பணத்தில் இயங்கிய டி.ஐ.–ராலே. கண்டிப்புக்குப் பெயர்பெற்ற பீட்டர் போஸ்ட் அதன் மேலாளராக இருந்தார். 1979இல் உலகச் சாம்பியனான யான் ராஸ் அதன் முன்னணி வீரர்களுள் ஒருவர். இந்த இருவருக்கும் இடையே முற்றிய மனக்கசப்பால் 1983ஆம் ஆண்டு முடிவில் அணி இரண்டாக உடைந்தது. போஸ்ட், பானசோனிக் நிறுவனத்தின் ஆதரவுடன் ஓர் அணியை அமைத்தார். ராஸும் அவருடன் சென்றவர்களும் வீட்டு அலங்காரப் பொருள்களை விற்கும் குவான்டம் கடைகளின் ஆதரவைப் பெற்றார்கள். அந்தப் புதிய அணி களமிறங்கிய அடுத்த ஆண்டே, 1985இல், அதன் வீரரான யோப் சூட்டமெல்க் தமது 38ஆம் வயதில் இத்தாலியில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயத்தை வென்றார். உலகச் சாம்பியன் பந்தயத்தில் வீரர்கள் நாட்டு உடையில் ஓடுவார்கள் என்றாலும், அதன் பின் ஓராண்டு முழுவதும் உலகச் சாம்பியனுக்குரிய வானவில் பட்டைகள் கொண்ட ஜெர்சியை அவர் குவான்டம் பெயருடன்தான் அணிந்தார். ஒரு புதிய அணிக்கும் அதற்குப் பணம் தந்த கடைக்கும் இதைவிடப் பெரிய பரிசு கிடைத்திருக்க முடியாது. ராஸ் அந்த ஆண்டுடன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அணியின் நிர்வாகத்தை ஏற்றார்.

மிதிவண்டி அணிகளுக்கு ஊர்ப் பெயர் இல்லாமல் நிறுவனப் பெயர் இருப்பது ஏன்?

வேறு வருவாய் இல்லை என்பதே நேரடியான பதில். கால்பந்து அணிக்குச் சொந்த மைதானம் உண்டு, நுழைவுச்சீட்டு விற்கலாம். கிரிக்கெட் லீக் அணிக்கு ஒளிபரப்பு உரிமைத் தொகையில் பங்கு வரும். சாலைப் பந்தயமோ பொதுச் சாலையில் நடக்கிறது. மலைப்பாதையின் ஓரத்தில் காலையிலிருந்து காத்து நிற்பவர் எவரிடமும் கட்டணம் வாங்க முடியாது. ஒளிபரப்பு உரிமையின் வருவாய் பந்தயத்தை நடத்துபவருக்குச் செல்கிறது. டூர் டி பிரான்ஸைப் பொறுத்தவரை அது ஏ.எஸ்.ஓ. என்ற பிரெஞ்சு நிறுவனம். வீரர் வேறு அணிக்குப் போகும்போது கால்பந்தைப் போலப் பெரிய மாற்றுத்தொகை கிடைக்கும் வழக்கமும் இல்லை. டூர் பந்தயத்தை ஒட்டுமொத்தமாக வென்றவருக்குத் தரப்படும் 5,00,000 யூரோவும் வழக்கப்படி அணியினர் அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. பெரிய அணியின் ஆண்டுச் செலவுடன் ஒப்பிட்டால் அது சிறு தொகை. ஆகவே ஊதியம், பேருந்துகள், இயந்திர வல்லுநர்கள், மருத்துவர்கள், சமையற்காரர்கள், மலைமேல் பயிற்சி முகாம்கள் என அனைத்துக்கும் விளம்பரதாரரின் பணமே ஆதாரம். அந்தப் பணத்துக்கு ஈடாக அணி தரக்கூடிய மதிப்புள்ள ஒரே பொருள் அதன் பெயர்தான்.

தொடக்கத்தில் மிதிவண்டி, சக்கரம், டயர் தயாரிப்பவர்களே அணிகளை நடத்தினார்கள். 1954இல் இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மாஞ்ஞி, நிவியா என்னும் தோல்பூச்சு நிறுவனத்தின் ஆதரவைப் பெற்றது இத்துறைக்கு வெளியிலிருந்து வந்த பணத்துக்கு வழிதிறந்தது. டூர் டி பிரான்ஸ் 1930 முதல் 1961 வரை நாட்டு அணிகளைக் கொண்டே நடத்தப்பட்டது. 1962இல்தான் நிறுவன அணிகள் அங்கே திரும்பி வந்தன. இன்று நாம் காணும் பெயர்ப் பட்டியலுக்கு அந்த மாற்றமே அடித்தளம்.

இதுவரை இந்த அணிக்கு இருந்த பெயர்கள் எவை?

துணை விளம்பரதாரர்களை விட்டுவிட்டு முதன்மைப் பெயர்களை மட்டும் எண்ணினால் பதினொன்று வரும். 1984 முதல் 1986 வரை குவான்டம், 1987 முதல் 1989 வரை துணிக்கடை நிறுவனமான சூப்பர்கான்ஃபெக்ஸ், 1990 முதல் 1992 வரை பக்லர், 1993, 1994 ஆகிய இரு ஆண்டுகள் வேர்ட்பெர்ஃபெக்ட், 1995இல் நோவெல், 1996 முதல் 2012 வரை ராபோபேங்க், 2013இன் முதற்பாதியில் பிளாங்கோ, அதன் இரண்டாம் பாதியிலும் 2014இலும் பெல்கின், 2015 முதல் 2018 வரை லாட்டோஎன்எல்–ஜம்போ, 2019 முதல் 2023 வரை ஜம்போ–விஸ்மா, 2024 முதல் விஸ்மா–லீஸ் எ பைக்.

பக்லர் பெயரைப் பற்றி அடிக்கடி பேசப்படுகிறதே, அதில் என்ன நடந்தது?

பக்லர் என்பது ஹைனெக்கன் நிறுவனத்தின் போதையில்லாத பீர். 1989ஆம் ஆண்டின் கடைசி இரவில் நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தனிமனித நகைச்சுவை நிகழ்ச்சியில் யூப் ஃபான் ட் ஹெக் என்ற கலைஞர், மதுக்கடையில் நின்று பக்லர் குடிப்பவர்களைக் கடுமையாகக் கேலி செய்தார். அந்தக் கேலி நாடு முழுவதும் பரவியது. அந்தப் பானத்தைக் கேட்டு வாங்கவே மக்கள் கூசினார்கள். 1993இல் ஹைனெக்கன் நெதர்லாந்துச் சந்தையிலிருந்து பக்லரைத் திரும்பப் பெற்றது. வேறு நாடுகளில் அதன் விற்பனை தொடர்ந்தது. ஒரு பொருளின் பெயரை ஒரே நிகழ்ச்சி வீழ்த்தியதற்கு விளம்பரத் துறையில் இன்றும் சொல்லப்படும் எடுத்துக்காட்டு இது.

அந்த இரவுக்கு மறுநாள் பிறந்த ஆண்டில்தான் ராஸின் அணி பக்லர் ஜெர்சியை அணியத் தொடங்கியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சாலையில் அணி தோற்றுக்கொண்டிருக்கவில்லை. 1989இல் சூப்பர்கான்ஃபெக்ஸ் உடையில் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை வென்ற பெல்ஜிய வீரர் எட்விக் வான் ஹூய்டோங்க், 1991இல் பக்லர் உடையில் அதை மீண்டும் வென்றார். அதே ஆண்டில் ஃபிரான்ஸ் மாசென் ஆம்ஸ்டெல் கோல்டு பந்தயத்தை வென்றார். மிகக் கடினமான ஒருநாள் பந்தயங்களில் கிடைத்த இந்த வெற்றிகளாலும் பக்லரின் பெயரைச் சொந்த நாட்டில் காப்பாற்ற முடியவில்லை. விளம்பரதாரரின் விதி அணியின் காலில் இல்லை என்பதை ராஸ் அப்போதே கற்றிருப்பார்.

மென்பொருள் நிறுவனங்கள் இடையில் வந்துபோனது எப்படி?

வேர்ட்பெர்ஃபெக்ட் அந்நாளில் உலகெங்கும் அலுவலகக் கணினிகளில் பயன்பட்ட சொற்செயலி. அதைத் தயாரித்த அமெரிக்க நிறுவனம் ஐரோப்பாவில் பெயர்பரப்ப இந்த அணியைத் தேர்ந்தது. 1994இல் அந்த நிறுவனத்தை நோவெல் வாங்கியது. அடுத்த பருவத்தில் ஜெர்சியிலும் பெயர் மாறியது. நோவெல் பெயரில் ஓடிய ஒரே ஆண்டில், உஸ்பெகிஸ்தானின் ஜமோலிதின் அப்துஜபரோவ் டூர் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தை, அதாவது கடைசி நாள் ஓட்டத்தை, பாரிஸின் ஷான்செலிசே சாலையில் வென்றார்.

ராபோபேங்க் காலம் ஏன் தனித்துப் பேசப்படுகிறது?

பதினேழு ஆண்டுகள் என்பது இத்துறையில் அரிது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பெயர்ப்பலகை மாறிய ஓர் அணிக்கு அது ஒரு தலைமுறைக் காலம். ராபோபேங்க், உழவர்களின் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலிருந்து வளர்ந்த வங்கி. நெதர்லாந்தின் சிற்றூர்களில் எல்லாம் அதன் கிளைகள் இருந்தன. மிதிவண்டியும் அதே ஊர்களின் வாழ்க்கையோடு கலந்தது. எனவே இந்த இணைப்பு மக்களுக்கு இயல்பாகத் தோன்றியது. செம்மஞ்சளும் நீலமும் கலந்த அந்த உடை ஏறக்குறைய நாட்டு அணியின் உடைபோல மதிக்கப்பட்டது.

என் மதிப்பீட்டில் வங்கி செய்தவற்றுள் மிகப் பயனுள்ளது, தொழில்முறை அணிக்கு மட்டுமன்றி அதற்குக் கீழுள்ள படிகளுக்கும் பணம் கொடுத்ததே. இளையோருக்காக ஒரு தனி அணி நடத்தப்பட்டது. அதன்வழியே ராபர்ட் ஹேசிங்க், பாவுக்கே மொல்லெமா, ஸ்டீவன் குரைஸ்வைக், லார்ஸ் போம் போன்றவர்கள் வந்தார்கள். 2017இல் வேறோர் அணிக்காக இத்தாலியின் பல நாள் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவை வென்ற டாம் டூமுலானும் அந்தப் படியில் ஏறியவர்தான்.

வெற்றிகளுக்கும் குறைவில்லை. 1999இல் மிக்கேல் போகெர்ட் ஆம்ஸ்டெல் கோல்டு பந்தயத்தை வென்றார். 2000இல் எரிக் டெக்கர் ஒரே டூர் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்றார். ஸ்பெயினின் ஆஸ்கர் ஃபிரெய்ரே 2004, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் மிலான்–சான் ரெமோ ஒருநாள் பந்தயத்தைக் கைப்பற்றினார். ரஷ்ய வீரர் டெனிஸ் மென்ஷோவ் 2007இல் ஸ்பெயினின் பல நாள் பந்தயமான வுவெல்டாவையும் 2009இல் ஜீரோவையும் வென்றார். டூர் டி பிரான்ஸ் மட்டும் கைக்கு எட்டவில்லை.

2007இல் மஞ்சள் ஜெர்சி அணிந்தவரை அணியே விலக்கியது உண்மையா?

உண்மை. டூரில் ஒட்டுமொத்தமாக முதலிடத்தில் இருப்பவர் அணிவது மஞ்சள் ஜெர்சி. டென்மார்க்கின் மிக்கேல் ராஸ்முசென் அவ்வாண்டு ஜூலை 25 அன்று ஓபிஸ்க் மலையுச்சியில் முடிந்த பதினாறாம் கட்டத்தை வென்று முதலிடத்தை உறுதிப்படுத்தியிருந்தார். பாரிஸை எட்ட நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. அன்றிரவே ராபோபேங்க் அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. முன்னறிவிப்பின்றி ஊக்கமருந்துச் சோதனை நடத்த வீரர்கள் தாம் எங்கிருக்கிறோம் என்பதைத் தெரிவித்தாக வேண்டும். ஜூன் மாதத்தில் மெக்சிகோவில் இருந்ததாக அவர் கூறியிருந்தார். அதே சமயத்தில் இத்தாலியின் டோலமைட் மலைகளில் அவரைக் கண்டதாக முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான டாவிடே கசானி சொன்னதே எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. அணியின் மேலாளர் தேயோ டி ரோய் பின்னர் பதவி விலகினார். 2013இல் ராஸ்முசென், 1998 முதல் 2010 வரை ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்.

அப்போது விலகாத வங்கி 2012இல் ஏன் விலகியது?

2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை அமெரிக்க மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் தொடர்பான தன் விரிவான அறிக்கையை வெளியிட்டது. அதில் சாட்சியமளித்த லெவை லைப்ஹைமர் ஒருகாலத்தில் ராபோபேங்க் அணியில் ஓடியவர். அந்த மாதம் 19ஆம் தேதி, பன்னாட்டுத் தொழில்முறை மிதிவண்டித் துறை தூய்மையான விளையாட்டாக மாறும் என்ற நம்பிக்கை தனக்கு இல்லை என்று கூறி வங்கி தன் விலகலை அறிவித்தது. அடுத்த ஆண்டில் போகெர்ட்டும் தாம் நீண்டகாலம் ஊக்கமருந்து பயன்படுத்தியதைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஆக, குற்றம் வெளியே எங்கோ நடந்ததாகச் சொல்லிவிட முடியாது. வங்கியின் பெயர் பொறித்த உடையினுள்ளேயே அது இருந்தது.

விலகிய விதத்தில் ஒரு நேர்மை இருந்ததை நான் குறிப்பிட வேண்டும். கையெழுத்தான ஒப்பந்தங்களை வங்கி கைவிடவில்லை. 2013ஆம் ஆண்டுக்கான பணத்தைக் கொடுத்தது, ஆனால் தன் பெயரைப் போட வேண்டாம் என்றது. மகளிர் அணிக்கும் இளையோர் மற்றும் அமெச்சூர் ஓட்டத்துக்கும் தந்த ஆதரவு தொடர்ந்தது. ஊதியம் நின்றிருந்தால் அந்தக் குளிர்காலத்திலேயே அணி கலைந்திருக்கும். இன்று இந்தக் கேள்வி பதில்களுக்கே இடமிருந்திருக்காது.

பிளாங்கோ என்பது எந்த நிறுவனம்?

எந்த நிறுவனமும் இல்லை. ‘வெற்றிடம்’, ‘வெள்ளை’ என்ற பொருளில் அணி தனக்குத் தானே இட்டுக்கொண்ட பெயர் அது. கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை; உள்ளே வேலை மட்டும் நடக்கிறது. முன்னாள் பத்திரிகையாளரான ரிச்சர்ட் ப்ளுஹே அப்போது தலைமையேற்று, அடுத்த விளம்பரதாரரைத் தேடிப் புறப்பட்டார். 2013ஆம் ஆண்டு டூர் தொடங்குவதற்குச் சில நாள்களுக்கு முன் கணினித் துணைக்கருவிகள் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான பெல்கின் முன்வந்தது. அந்த டூரில் மொல்லெமா ஆறாம் இடம் பெற்றார். ஆயினும் பெல்கின் 2014 முடிவில், ஒப்பந்தக் காலம் நிறைவதற்கு முன்பே, விலகியது. இரண்டே ஆண்டுகளில் இரண்டு முறை அணி தெருவில் நின்றது.

பெயர் இத்தனை முறை மாறினால், இதை ஒரே அணி என்று சொல்வது சரியா?

சரியென்றே நினைக்கிறேன், ஆனால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் உரிமத்தை அணியை நடத்தும் நிறுவனத்துக்கு வழங்குகிறதே தவிர, ஜெர்சியில் பெயர் போடுபவருக்கு வழங்குவதில்லை. ஊதியத்துக்கான வங்கி உத்தரவாதத்தைத் தாக்கல் செய்வதும் அந்த நிறுவனத்தின் கடமை. விளம்பரதாரர் போகும்போது ஒப்பந்தங்கள், ஊழியர்கள், வண்டிகள், பணிமனை, அனுபவம் ஆகியவை அங்கேயே இருக்கின்றன. ஹேசிங்க் 2007இல் ராபோபேங்க் உடையில் தொடங்கி 2024இல் விஸ்மா–லீஸ் எ பைக் உடையில் ஓய்வுபெறும் வரை வேறோர் அணிக்குப் போனதில்லை. ஜெர்சியில் ஆறு பெயர்களை அவர் பார்த்துவிட்டார். குரைஸ்வைக்கும் அப்படியே ஒரே வீட்டில் வாழ்ந்தவர். இவர்களிடம் ‘எத்தனை அணிகளில் ஓடினீர்கள்’ என்று கேட்டால் ‘ஒன்று’ என்பதே விடையாக இருக்கும்.

மறுபுறம், குவான்டம் காலத்தின் பெருமையை உரிமை கொண்டாடும் அணி ராபோபேங்க் காலத்தின் ஊக்கமருந்து வரலாற்றையும் தன்னுடையது என்று ஏற்க வேண்டும். பெயரை மாற்றியதால் கடன் தீராது.

ஜம்போ வந்தபின் என்ன மாறியது?

2015இல் நெதர்லாந்து லாட்டரி நிறுவனமும் ஜம்போ பல்பொருள் அங்காடியும் சேர்ந்து பொறுப்பேற்றன. லாட்டோ என்ற பெயரில் பெல்ஜியத்தில் ஏற்கெனவே ஓர் அணி இருந்ததால் நாட்டைக் குறிக்கும் ‘என்எல்’ ஒட்டிக்கொண்டது. பனிச்சறுக்கு வேக ஓட்ட வீரர்களும் அதே பெயரில், அதே நிறத்தில் களமிறங்கினார்கள். குளிர்காலத்தில் பனித்தளம், கோடையில் சாலை என ஆண்டு முழுவதும் பெயர் கண்ணில் பட வேண்டும் என்பது அங்காடிக்கு ஏற்ற கணக்கு.

முதலாண்டில் வெற்றிகள் மிகக் குறைவு. பெரிய நட்சத்திரங்களை வாங்கும் பணமில்லாத அணி, பிறர் கவனிக்காதவர்களைத் தேடியது. 2016இல் சேர்ந்த ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரோக்லிச் முன்பு பனிச்சறுக்குத் தாண்டல் வீரர். 2019இல் சேர்ந்த டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோ, இளம் வயதில் மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தவர். அங்காடியின் ஆதரவு உணவிலும் பயன்பட்டது: ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு நாளும் எதை எவ்வளவு உண்ண வேண்டும் என்று கணக்கிடும் செயலி உருவாக்கப்பட்டது. பெயரைப் போடுவதோடு நில்லாமல், தான் விற்கும் பொருளைப் பற்றிய அறிவையும் விளம்பரதாரர் கொண்டுவந்த அரிய நிகழ்வு இது.

2020 டூரில் கடைசிக்கு முந்தைய நாள் வரை ரோக்லிச் 57 நொடிகள் முன்னிலையில் இருந்தார். பிளான்ஷ் தெ பெல் ஃபீ மலையில் முடிந்த, ஒவ்வொருவரும் தனித்தனியே நேரத்தை எதிர்த்து ஓடும் தனிநபர் நேரப் பந்தயத்தில் சக நாட்டவரான டடேய் பொகாச்சரிடம் எல்லாவற்றையும் இழந்து, 59 நொடிகளில் பட்டத்தைத் தவறவிட்டார். கலைந்த தலைக்கவசத்துடன் தரையில் அமர்ந்திருந்த அவருடைய முகத்தை அன்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டாண்டுக்குப் பின், 2022இல், விங்கெகோ அதே பொகாச்சரை வென்று அணிக்கு முதல் டூர் பட்டத்தைத் தந்தார். அணி தோன்றி முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

2023இல் எல்லாவற்றையும் வென்ற அணியை முதன்மை விளம்பரதாரர் கைவிட்டது எப்படி?

அவ்வாண்டு ஜீரோவை ரோக்லிச்சும், டூரை விங்கெகோவும், வுவெல்டாவை அமெரிக்க வீரர் செப் குஸ்ஸும் வென்றார்கள். மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் மூன்று வெவ்வேறு வீரர்களால் வென்று காட்டிய அணி அதற்கு முன் இருந்ததில்லை. வுவெல்டாவில் முதல் மூன்று இடங்களும் குஸ், விங்கெகோ, ரோக்லிச் என இவர்களுக்கே கிடைத்தன. குஸ் மூன்று பந்தயங்களிலும் ஓடியவர். முதல் இரண்டில் பிறருக்காக மலையேறி உழைத்தவர்.

ஆனால் ஜம்போ தன் திட்டத்தை மாற்றிக்கொண்டு, 2024 முடிவுக்குள் விலகுவதாக அந்த வெற்றிகள் நிறைவுறும் முன்பே அறிவித்துவிட்டது. வெற்றிக்குப் பின் விலை ஏறும் என்பதும் கவனிக்கத்தக்கது: சாம்பியன்களின் ஊதியம் உயர்கிறது, புதிய விளம்பரதாரர் தர வேண்டிய தொகையும் உயர்கிறது. 2023 இலையுதிர்காலத்தில் பெல்ஜியத்தின் சூடல்–குவிக்ஸ்டெப் அணியுடன் இணைப்புப் பேச்சு நடப்பதாகச் செய்திகள் வந்தன. இரு அணிகளின் ஊழியர்களும் பல வாரங்கள் வேலை இருக்குமா என்ற கவலையில் இருந்தார்கள். அக்டோபரில் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. ரோக்லிச் வேறு அணிக்குச் சென்றார்.

விஸ்மாவும் லீஸ் எ பைக்கும் என்ன தொழில் செய்கின்றன?

விஸ்மா, நார்வேயின் வணிக மென்பொருள் நிறுவனம். 2019 முதல் இரண்டாம் பெயராக இருந்து முன்வரிசைக்கு வந்தது. லீஸ் எ பைக், நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு மிதிவண்டியைக் குத்தகைக்குத் தரும் சேவை. அது நெதர்லாந்தின் போன் குழுமத்தைச் சேர்ந்தது. 2021 முதல் அணி ஓட்டும் செர்வெலோ மிதிவண்டிகளும் அதே குழுமத்தின் தயாரிப்பே. ராலேயிலிருந்து பிரிந்து பிறந்த அணி, கடை, துணி, பீர், மென்பொருள், வங்கி, லாட்டரி, அங்காடி எனச் சுற்றிவிட்டு மீண்டும் மிதிவண்டி வணிகத்தின் பணத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறது. மஞ்சள் நிறம் ஜம்போவுடையது என்றாலும், ஜம்போ போனபின்னும் அணி அதை விடவில்லை.

மகளிர் அணியும் இதே அமைப்பைச் சேர்ந்ததா?

ஆம், 2021இல் நெதர்லாந்து வீராங்கனை மாரியன் வோஸைத் தலைவியாகக் கொண்டு தொடங்கப்பட்டது. 2025இல் அந்த அணியின் பாலீன் ஃபெரான்–பிரேவோ மகளிர் பாரி–ரூபே பந்தயத்தையும் மகளிர் டூர் டி பிரான்ஸையும் வென்றார். அதே ஆண்டில் ஆண்கள் அணிக்கு சைமன் யேட்ஸ் ஜீரோவையும் விங்கெகோ வுவெல்டாவையும் பெற்றுத்தந்தார்கள்.

பழைய முடிவுகளில் இந்த அணியை எப்படித் தேடுவது?

வீரரின் பெயரையும் ஆண்டையும் கொண்டு தேடுவதே சிறந்தது. அணியின் பெயரை மட்டும் நம்பினால் இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். ஒன்று, 2013: ஜூன் வரை பிளாங்கோ என்றும் பிறகு பெல்கின் என்றும் ஒரே ஆண்டுக்கு இரு பெயர்கள் இருக்கும். மற்றொன்று, லாட்டோ: 2015 முதல் 2018 வரையிலான முடிவுகளில் பெல்ஜிய அணியும் அதே சொல்லைத் தாங்கியிருக்கும், பெயரில் ‘என்எல்’ இருந்தால் மட்டுமே அது இந்த அணி.